வாயைத் திறந்து கோடு எழுதுங்கள்

ஐ.டி. நேர்முகத் தேர்வு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கொடுத்த கணக்குக்குச் சரியாகவே கோடு (புரோகிராம்) எழுதினேன். பேட்டி எடுத்தவர் சிரித்த முகமாகத்தான் பேசினார். இரண்டு வாரம் கழித்து 'இல்லை' என்று மெயில். எங்கே தப்பு? (வாசகர், ஈரோடு)

சிரித்த முகத்தை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். கூகுள் போன்ற நிறுவனங்களில் பேட்டி எடுப்பவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் மதிப்பெண் போட்டு, குறிப்பு எழுதித் தருகிறார். உங்களை ஒரு முறைகூடப் பார்த்திராத ஒரு குழு எல்லாச் சுற்றுக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் படிக்கிறது. 'இருபது நிமிடம் பேசாமல் எழுதினார், விடை சரி' என்று அதில் இருந்தால், நீங்கள் யோசித்தீர்களா, ஏற்கெனவே மனப்பாடம் செய்த கணக்கா என்று அவர்களால் பிரிக்க முடியாது. உங்கள் வாயிலிருந்து வராத யோசனை அந்தக் குறிப்பில் ஏறாது.

45 நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது? (வாசகி, நாகர்கோவில்)

முன்னால் அறிமுகம், கடைசியில் நீங்கள் கேட்கும் கேள்விகள் என்று பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் 35. அதில் முதல் ஐந்து நிமிடம் கீபோர்டில் கை வைக்கவே வேண்டாம்.

எளிய கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓர் எண் பட்டியல். அதில் எந்த இரண்டைக் கூட்டினால் சொன்ன தொகை வரும்? முதலில் கேளுங்கள்: மைனஸ் எண் வருமா? ஒரே எண் இரண்டு தடவை இருக்கலாமா? எண்ணைத் தர வேண்டுமா, அது இருக்கும் இடத்தையா? ஏறுவரிசையில் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி சும்மா ஒப்புக்கு இல்லை. வரிசையாக இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் உள்ளே நகர்ந்து வந்தே விடையைப் பிடித்துவிடலாம், கூடுதல் மெமரியே வேண்டாம்.

அடுத்து, மொக்கையான வழியை வெட்கப்படாமல் சொல்லுங்கள்: எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்ப்பது. ஒரு லட்சம் எண் என்றால் சுமார் 500 கோடி ஜோடி. ஆகவே வேண்டாம் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு ஹேஷ் மேப் (போட்டு வைத்த எண் இருக்கிறதா என்று சட்டெனத் தேடித் தரும் அட்டவணை) வழி: ஒவ்வோர் எண்ணுக்கும் மீதி எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அது மேப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவது. ஒரே நடையில் வேலை முடியும். விலை, கூடுதல் மெமரி.

வழுக்கும் இடம் இங்கேதான். எண்ணை மேப்பில் போட்டுவிட்டுத் தேடினால், 3, 2, 4 என்ற பட்டியலில் 6 கேட்கும்போது 3 தன்னையே கண்டுபிடித்துக்கொள்ளும். சரியான விடை 2, 4. முதலில் தேடு, பிறகு போடு. ரன் செய்து பார்க்க முடியாத வெறும் பக்கத்தில் எழுதச் சொல்வதும் உண்டு. ஆகவே எழுதி முடித்ததும் இப்படி ஒரு சின்னப் பட்டியலை எடுத்து, வரி வரியாக வாய்விட்டு ஓட்டிக் காட்டுங்கள். தப்பை நீங்களே பிடித்தால் அதுவும் உங்கள் கணக்கில் வரவுதான்.

அமேசானில் டெக்னிக்கல் கேள்வியைவிட 'ஒரு தடவை இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்' என்ற கேள்விதான் அதிகமாமே? (வாசகர், தாம்பரம்)

சுற்றுக்குச் சுற்று உண்டு. அவர்களுடைய 16 தலைமைக் கொள்கைகளைப் பிரித்துக்கொண்டு கேட்பார்கள். வேறு டீமிலிருந்து 'பார் ரெய்சர்' என்று ஒருவரும் வருவார். ஆள் அவசரமாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லாததால் தரத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நம் ஆட்கள் சறுக்குவது 'நாங்கள்' என்ற சொல்லில். 'நான், நான்' என்று பேசினால் தலைக்கனம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 'நாங்கள் சர்வரை மாற்றினோம்' என்றால் உங்கள் பங்கு என்ன என்பது பேட்டி எடுப்பவருக்குத் தெரியாது. நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. இந்த வரிசையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லுங்கள். விளைவுக்கு ஓர் எண் வேண்டும்: 'பக்கம் திறக்க 4 நொடி ஆனது, 1 நொடிக்கு வந்தது' என்பதுபோல. ஏழெட்டுச் சம்பவம் கையில் இருந்தால் போதும். தோல்வியில் முடிந்தது ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

புதிர்க் கணக்குப் புத்தகம் வாங்கலாமா? (வாசகர், மதுரை)

கூகுளுக்காக என்றால் வேண்டாம். அவை வெறும் நேர விரயம் என்று அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே பேட்டியில் சொல்லிவிட்டார். கேம்பஸ் ஆப்டிட்யூட் தேர்வுக்கு என்றால் உதவும்.

நேர்முகத்துக்கு முன் 5,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார்கள். திருப்பித் தருவார்களாம். (வாசகி, விழுப்புரம்)

கட்டாதீர்கள், அது மோசடி. மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் இணைய முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.