செய்தித்தாள் கோபுரம் ஏன் மடிகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு உயரமான கோபுரம் எழுப்பும் மாணவர் போட்டிகளைப் பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு, கட்டமைப்புப் பொறியியல் கற்பிக்கும் எங்கள் பத்தியாளர் இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: செய்தித்தாளும் டேப்பும் மட்டுமே கொண்டு கோபுரம் கட்டும் போட்டியில் எங்கள் பள்ளி அணி கலந்துகொண்டது. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி நிறுத்தி, அதன் தலையில் ஒரு புத்தகத்தை வைத்தால் அது தாங்குகிறது. அதே குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஆளுயரத்துக்குக் கொண்டுபோனபோது, மேலே எந்தப் பாரமும் வைக்காமலேயே நடுவில் மடிந்து விழுந்துவிட்டது. காகிதத்தின் வலிமை எங்கே போயிற்று? – பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்

பதில்: வலிமை எங்கும் போகவில்லை. விழுந்த குழாயை எடுத்து மடிந்த இடத்தைப் பாருங்கள். தாள் கிழிந்திருக்காது, ஒரு பக்கம் உள்வாங்கி மடிப்பு விழுந்திருக்கும், அவ்வளவுதான். மெலிந்து நீண்ட எந்தத் தண்டையும் தலையில் அழுத்தினால், அது நசுங்கும் நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்து விலகிவிடும். பொறியாளர்கள் இதை ‘பக்ளிங்’ என்பார்கள். இது எவ்வளவு சுமையில் நிகழும் என்பதற்கான கணக்கைக் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் 1744-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். அந்தக் கணக்கின்படி, தண்டு தாங்கும் சுமை அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாங்குதிறன் நான்கில் ஒரு பங்காகவும், நான்கு மடங்காக்கினால் பதினாறில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். நீங்கள் ஒற்றைக் குழாயில் சோதித்த வலிமை, செருகி நீட்டிய குழாய்க்குப் பொருந்தாமல் போனது இதனால்தான். போதாததற்கு, செருகிய இடங்கள் ஒவ்வொன்றும் சற்றே தளர்ந்திருந்து, தொடக்கத்திலேயே ஒரு கோணலைக் கொடுத்திருக்கும்.

இதே கணக்கில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் இருக்கிறது. நீண்ட குழாயின் நடுப்பகுதியை மட்டும் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டால், அது பாதி நீளமுள்ள இரண்டு குழாய்களைப் போல நடந்துகொள்ளும். தாங்குதிறன் நான்கு மடங்காகும். அதற்குச் செலவாவது ஒன்றிரண்டு மெல்லிய குறுக்குக் குழாய்கள் மட்டுமே. எனவே, கையில் மிஞ்சியிருக்கும் தாள்களைக் கால்களைத் தடிமனாக்கச் செலவிடுவதைக் காட்டிலும், கால்களை இடையிடையே ஒன்றோடொன்று பிணைக்கச் செலவிடுவது நல்லது என்பது என் துணிபு. பெரிய பொறியாளர்களும் இந்த இடத்தில் தவறியிருக்கிறார்கள். கனடாவில் 1907-ஆம் ஆண்டு கட்டுமானத்தின்போதே இடிந்து 75 தொழிலாளர்களைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தில் முதலில் விட்டுக்கொடுத்தவை அமுக்கத்துக்கு உள்ளான கீழ்ச்சட்டங்கள்தாம்; அவற்றின் தகடுகளை ஒன்றாகப் பிடித்துவைத்திருந்த பின்னல் பட்டைகள் போதிய வலுவுடன் இருக்கவில்லை.

இனி, குழாயின் பருமன். ஒரே அளவு தாளைப் பென்சில் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டினால் சுவர் தடிப்பாகவும், அகலமாகச் சுருட்டினால் சுவர் மெல்லியதாகவும் அமையும். தாளின் அளவு மாறாதபோது, விட்டத்தை இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், மெலிந்த சுவர் ஏதேனும் ஓரிடத்தில் சுருங்கி உள்வாங்கி, அங்கிருந்து குழாய் முழுவதும் மடிந்துவிடும். பென்சிலைவிடத் தடித்து, கட்டைவிரலைத் தாண்டாத பருமன் செய்தித்தாளுக்குப் பொதுவாக ஒத்துவரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும், அதற்குக் குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகவும் கிழியும். நேராகக் கிழியும் திசைதான் காகித இழைகள் ஓடும் திசை. அந்தத் திசை குழாயின் நீளவாக்கில் அமையும்படி சுருட்டினால், தாள் எளிதாகச் சுருளும், குழாயும் விறைப்பாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் இந்த விறைப்பு கண்கூடாகக் குறைந்துவிடும் என்பதால், போட்டிக்கு முன்பு தாள்களை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: சதுரச் சட்டங்களை அடுக்கித்தான் கோபுரம் கட்டினோம். மூட்டுகளை எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் சாய்சதுரமாகக் கோணிக்கொள்கிறது. எல்லாக் கட்டங்களிலும் மூலைவிட்டக் குச்சி வைக்க வேண்டுமா? எடை கூடிவிடாதா? – பொறியியல் முதலாண்டு மாணவர் ஒருவர்

பதில்: டேப் சுற்றிய மூட்டு ஏறக்குறைய ஒரு கீல்தான். நான்கு சட்டங்களைக் கீல்களால் இணைத்தால், எந்தச் சட்டத்தின் நீளமும் மாறாமலேயே அந்தச் சதுரம் கோணிக்கொள்ள முடியும். முக்கோணத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டம் வேண்டும், ஆனால் அது குச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. விதிகளில் நூல் அனுமதிக்கப்பட்டிருந்தால், எதிரெதிர் மூலைகளை இணைத்து, பெருக்கல் குறி போல இரண்டு நூல்களை விறைப்பாகக் கட்டுங்கள். நூல் இழுவிசையை மட்டுமே ஏற்கும். சட்டம் எந்தப் பக்கம் கோணினாலும் இரண்டில் ஒன்று இழுபட்டுத் தடுத்துவிடும். இழுபடும் உறுப்புக்குப் பக்ளிங் என்ற கவலையே இல்லாததால் அது எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கலாம். சிகாகோவில் ஃபஸ்லூர் ரஹ்மான் கான் கட்டமைப்பை வடிவமைத்து, 1969-இல் எழுந்த நூறு மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தின் வெளிமுகத்தில் பெரிய பெருக்கல் குறிகளைப் போலத் தெரியும் உருக்குச் சட்டங்கள், காற்று தள்ளும்போது கட்டடம் கோணாமல் காப்பவை. அவை கட்டடத்தின் எடையிலும் ஒரு பங்கை ஏற்கின்றன.

நான்கு பக்கங்களிலும் மூலைவிட்டம் வைத்த பிறகும் கோபுரம் முறுக்கிக்கொள்வதைப் பல அணிகள் வியப்போடு பார்த்திருக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது தெரியும் கிடைமட்டச் சதுரத்தை மறந்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு தளமட்டத்திலும் ஒரு மூலைவிட்டத்தைப் படுக்கைவாக்கில் வைத்தால் முறுக்கல் நின்றுவிடும்.

கேள்வி: மூன்று கால் போதுமா, நான்கு கால் வேண்டுமா? அடிப்பாகம் எவ்வளவு அகலம் இருந்தால் நல்லது? – எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர்

பதில்: மூன்று கால் கோபுரம் மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும், ஒரு காலுக்குரிய பொருளும் மிச்சமாகும், கிடைமட்டத்தில் அது தானே முக்கோணமாக இருப்பதால் முன்பு சொன்ன முறுக்கலும் இராது. அதன் குறை, எளிதில் கவிழ்வது. பக்கம் 30 செ.மீ. உள்ள சதுர அடித்தளத்தில் நடுவிலிருந்து மிக அருகிலுள்ள விளிம்பு 15 செ.மீ. தொலைவில் இருக்கும்; அதே பக்க அளவுள்ள முக்கோணத்தில் அது 9 செ.மீ.கூட இல்லை. கோபுரத்தின் ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், சதுரக் கோபுரம் ஏறத்தாழ 14 பாகை சாயும்வரை தாக்குப்பிடிக்கும், முக்கோணக் கோபுரம் 8 பாகையைத் தாண்டியதும் விழும். மேலே பாரம் வைக்க வேண்டிய போட்டியில் ஈர்ப்பு மையம் இன்னும் உயரப் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1889-இல் 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்த ஈஃபெல் கோபுரத்தின் நான்கு கால்கள் ஏறத்தாழ 125 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஊன்றியிருக்கின்றன. அதாவது உயரம் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. காற்றே வீசாத வகுப்பறையில் அவ்வளவு தாராளம் வேண்டியதில்லை. உயரம் மட்டுமே மதிப்பெண் என்றால், நான் நான்கு மடங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

கேள்வி: கோபுரம் கட்டப் பயன்படும் ஸ்பகெட்டிக் குச்சியை (நூடுல்ஸ் போன்ற, வேகவைக்காத நீண்ட உணவுக் குச்சி) இரண்டாக ஒடிக்க முயன்றால் மூன்றாகவோ நான்காகவோ சிதறிவிடுகிறதே, ஏன்? – போட்டிக்குத் தயாராகும் ஓர் அணியினர்

பதில்: இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனையே குழப்பிய கேள்வி இது. பிரெஞ்சு ஆய்வாளர்களான ஓதொலி, நெய்கிர்ச் ஆகிய இருவர் 2005-இல் விடை கண்டார்கள். முதல் முறிவு நேர்ந்ததும், அதுவரை வளைந்திருந்த ஒவ்வொரு பாதியும் சட்டென்று நிமிர முயல்கிறது. அப்போது குச்சியின் வழியே ஓர் அலை ஓடி, சில இடங்களில் வளைவை முன்பிருந்ததைவிடக் கூட்டிவிடுவதால் அங்கும் முறிகிறது. உங்களுக்கு வேண்டிய நீளத்தில் நறுக்க, வெட்ட வேண்டிய இடத்துக்கு இரு புறமும் விரல்களை நெருக்கமாக வைத்துப் பிடித்து ஒடியுங்கள். நீளமாக வளைய விடாவிட்டால் சிதறல் குறையும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இப்படியொரு போட்டி நடத்த எண்ணுகிறோம். உயரத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தால் போதுமா? வேறு எந்த விதிகளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்? – அறிவியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: உயரத்தை மட்டும் அளந்தால், அளக்கும் நொடி வரை நிற்கக்கூடிய ஒற்றைக் கம்பம் வென்றுவிடும், கட்டமைப்பைப் பற்றி மாணவர்கள் யோசிக்கவே தேவையிராது. உச்சியில் சிறிதளவேனும் பாரம் இருந்தே ஆக வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டாம் வூஜெக் பரப்பிய ‘மார்ஷ்மெல்லோ சவால்’ இதற்கு நல்ல முன்மாதிரி: 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், 18 நிமிடம், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் இருக்க வேண்டும். வணிக மேலாண்மைப் பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் சராசரியாக உயரமாகக் கட்டியதாக வூஜெக் 2010-ஆம் ஆண்டு உரையொன்றில் தெரிவித்தார். பெரியவர்கள் பேசித் திட்டமிட்டு, கடைசி நிமிடத்தில் மிட்டாயை உச்சியில் வைத்து, முழுக் கோபுரமும் வளைவதைப் பார்க்கிறார்கள். குழந்தைகளோ மிட்டாயைத் தொடக்கத்திலேயே வைத்து, சிறு கோபுரங்களாகக் கட்டிக் கட்டித் திருத்திக்கொள்கிறார்கள். இதை அணிகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

சற்றுப் பெரிய மாணவர்களுக்கு, அமெரிக்கப் பள்ளிகளின் சயன்ஸ் ஒலிம்பியாட் போட்டியில் உள்ளதைப் போல, தாங்கிய சுமையைக் கோபுரத்தின் எடையால் வகுத்து மதிப்பிடும் முறை பொருத்தமானது. குறைந்தபட்ச உயரத்தை மட்டும் நிர்ணயித்துவிட்டால், எந்தக் குச்சியை நீக்கலாம் என்று அவர்களே கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

விதிகளில் நான்கு செய்திகள் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். கோபுரத்தை மேசையோடு டேப்பால் ஒட்டலாமா என்பது முதலாவது. ஒட்டலாம் என்றால் கவிழ்தல் என்ற சிக்கலே மறைந்துபோகும் என்பதால் நான் அனுமதிப்பதில்லை. உயரத்தை மேசைப்பரப்பிலிருந்து பாரத்தின் அடிப்பகுதி வரை அளப்பதா, உச்சி வரை அளப்பதா என்பதையும், கைவிட்ட பிறகு எத்தனை நொடிகள் நிற்க வேண்டும் என்பதையும், கொடுத்த பொருளை வெட்டவும் கிழிக்கவும் செய்யலாமா என்பதையும் எழுதிவையுங்கள். அளக்கும் வேளையில் மின்விசிறியை எல்லா அணிகளுக்கும் நிறுத்திவையுங்கள், அல்லது எல்லா அணிகளுக்கும் ஒரே வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு மேசைக்கு மட்டும் காற்றுப் பட்டால் அன்று மாலை முழுவதும் நீங்கள் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.