பழைய மலை சைக்கிளுக்கு எந்த ஃபோர்க்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மலை சைக்கிள் 2011-ல் வாங்கியது. 26 இன்ச் வீல், ரிம்மை இருபுறமும் கட்டைகளால் கவ்வும் வி-பிரேக். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது, உள்குழாயில் துரு. கடையில் 29 இன்ச் வண்டியின் ஃபோர்க் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். தினமும் பாலம் தாண்டிப் பாம்பன் போய்வருகிறேன், விடுமுறையில் தனுஷ்கோடி. வாங்கலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். அது சும்மா கிடைத்தாலும் உங்கள் வண்டிக்கு உதவாது. 26 ரிம்மின் அளவு 559 மி.மீ., 29-க்கு 622. ஆகவே அந்த ஃபோர்க்கில் வி-பிரேக் மாட்டும் முளைகள் இருந்தாலும், அவை 31 மி.மீ.க்கு மேல் உயரத்தில் நிற்கும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் உரசும். இப்போது வரும் ஃபோர்க்குகள் பலவற்றில் முளையே கிடையாது, டிஸ்க் பிரேக்குக்கான இடம் மட்டும்தான். அதை வாங்கினால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ரோட்டர் (பிரேக் தட்டு), கேலிப்பர் (தட்டைக் கவ்வும் பகுதி) என்று செலவு ஃபோர்க் விலையைத் தாண்டிவிடும்.

விலை கேட்கும் முன் நாலு அளவு எடுங்கள். முதலாவது, ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமுக்குள் போகும் ஸ்டீரர் குழாய். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் அந்தக் குழாயை வெளியிலிருந்து பக்கவாட்டு போல்ட்டுகளால் கவ்வியிருந்தால் மரை இல்லாத வகை. ஸ்டெம் குழாய்க்குள் இறங்கி, அதன் அடியில் பெரிய நட்டு தெரிந்தால் மரை வகை. மேல் மூடியையும் ஸ்டெம்மையும் கழற்றி வெர்னியரால் குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் பெரும்பாலும் 28.6 மி.மீ. வரும். மிகப் பழைய வண்டியில் 25.4. அடிப்பக்கம் பருத்த டேப்பர் ஸ்டீரர் உங்கள் காலத்து மெல்லிய ஃபிரேமில் நுழையாது.

இரண்டாவது, குழாயின் நீளம். மரை இல்லாததை வெட்டிக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மூன்றாவது, ஹப்: உங்களுடையது 100 மி.மீ. அகலம், 9 மி.மீ. அச்சாகத்தான் இருக்கும். 15 மி.மீ. அச்சு ஃபோர்க் பொருந்தாது.

நாலாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: அச்சின் நடுவிலிருந்து, மேலே ஹெட்செட்டின் (ஃபிரேம் கழுத்திலுள்ள பேரிங்) அடிக் கிண்ணம் உட்காரும் இடம் வரை உள்ள உயரம். உங்கள் ஃபோர்க் அமுங்கி இறுகியிருப்பதால், அமுங்கிய அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். புதியது 20 மி.மீ. உயர்ந்தால் முன்பக்கக் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தள்ளாடும். அதற்கும் மேலே போனால் ஃபிரேம் கழுத்தின் வெல்டிங்குக்குச் சுமை. 80 மி.மீ. பயண (அமுங்கும் தூரம்) ஃபோர்க் இருந்த வண்டிக்கு 120 மி.மீ. ஃபோர்க் வேண்டவே வேண்டாம்.

இனி எதை வாங்குவது? ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஃபோர்க்கை விட்டுவிடுங்கள். அதற்குத் தனிப் பம்பு வேண்டும். சீலில் மணல் நுழைந்தால் காற்று நிற்காது. உங்கள் பாதைக்கு எங்கள் முதல் தேர்வு சஸ்பென்ஷனே இல்லாத இரும்பு ஃபோர்க். மண்டபமும் பாம்பனும் சமதரை. 2017-க்குப் பிறகு தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை தார்ச்சாலைதான். பாலத்து இணைப்புகளின் அதிர்ச்சியை 2.1 இன்ச் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்றே வாங்கிக்கொள்ளும். பழைய ஃபோர்க் உயரத்தில் 15–20 மி.மீ. குறைத்து வாங்குங்கள், நீங்கள் உட்கார்ந்தால் பழையது அவ்வளவு அமுங்கியிருக்கும்.

சஸ்பென்ஷன்தான் வேண்டுமென்றால் 26 இன்ச், வி-பிரேக் முளையுள்ள சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க், சன்டூர் எக்ஸ்.சி.டி. போன்றது போதும். ஆனால் குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பு ஈரம் அதன்வழி இறங்கி, அடியில் துருவாகிப் பூச்சைத் தூக்கும். சொரசொரப்பான குழாய் ரப்பர் சீலைக் கிழிக்கும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உள்குழாயைத் துடைத்து, உலர்த்தி, சிலிகான் எண்ணெய் இரண்டு சொட்டு தடவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம்: உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், ரப்பரையும் உப்பவைக்கும்.

கேள்வி: பழைய ஃபோர்க்கிலிருந்து ஹெட்செட்டின் அடிக் கிண்ணம் கழலவில்லை. புதியதில் எப்படி ஏற்றுவது? – வாசகர், தொண்டி

பதில்: ஃபோர்க்கைத் தலைகீழாகப் பிடித்து, தட்டையான உளியைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து வலம் ஒரு தட்டு, இடம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு இறுகும். ஏற்றுவதற்கு, உள்விட்டம் 30 மி.மீ.க்குச் சற்றே கூடிய குழாய் வேண்டும். அதன் விளிம்பு பால்ஸ் ஓடும் பாதையில் படக் கூடாது. கிண்ணத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் வெளிச்சம் தெரியாதவரை இறக்குங்கள். பேரிங்குக்கு விசைப்படகுக்கு வாங்கும் தண்ணீர் புகாத கிரீஸ் நல்லது. ஸ்டீரரை ஸ்டெம்மின் மேல்விளிம்பிலிருந்து 3 மி.மீ. தாழ்வாக வெட்டுங்கள். மேல் மூடியை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை 5–6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது அவைதான், மூடி அல்ல.

கேள்வி: பழைய ஃபோர்க் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகி, கீழக்கரை

பதில்: உள்குழாயின் பின்பக்கம், சீலுக்குச் சற்று மேலே நகத்தால் வருடுங்கள்; நகம் தட்டினால் துருக்குழி, விட்டுவிடுங்கள். ஃபோர்க்கின் காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடவென்றால், உள்ளே குழாயைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கடைசியாக ஸ்டீரர் நீளம். குட்டையாக இருப்பதை வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; அந்த ஒட்டு ஓடும்போது முறிந்தால் ஹேண்டில் கையோடு வந்துவிடும்.