காற்று தூய்மையானதற்குப் புதிய பெட்ரோல்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கலிஃபோர்னியாவில் 1996இல் மாற்றிய கலவையில் பெட்ரோல் வந்த பிறகு நகரக் காற்றில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் குறைந்தது. அதற்குப் பெட்ரோல்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெட்ரோலில் பென்சீனைக் கன அளவில் சுமார் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். கந்தகத்தையும் ஆவியாகும் தன்மையையும் குறைத்தார்கள். ஆனால் காற்று பலமாக வீசிய ஆண்டிலும் பென்சீன் குறைவாகவே பதிவாகும் என்பதால், அதை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே காற்று மாதிரியில் உள்ள, வண்டிப் புகையிலிருந்தே வரும் கார்பன் மோனாக்சைடோடு ஒப்பிட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும்: காற்று கலைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், விகிதம் அசையாது; பெட்ரோல் காரணம் என்றால் விகிதமும் இறங்கும். புதிய பெட்ரோல் கார்பன் மோனாக்சைடையும் ஓரளவு குறைத்தது என்பதால், இந்த விகிதம் பலனைச் சற்றுக் குறைத்தே காட்டும்.

இன்னொரு தடயம் மாற்றத்தின் வேகம். பழைய வண்டிகள் கழிந்து புதியவை வரும்போது மாசு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சரியும். பெட்ரோல் மாறினாலோ பழைய வண்டி, புதிய வண்டி என்ற வேறுபாடின்றி எல்லா டாங்கிலும் சில வாரங்களுக்குள் மாறிவிடுவதால், வரைபடத்தில் படிக்கட்டு போல ஓர் இறக்கம் தெரியும். ஓக்லாந்து அருகிலுள்ள கால்டிகாட் சுரங்கப்பாதையில், கனரக லாரிகளுக்கு அனுமதியில்லாத நடுக் குழாயில், பெர்க்லி ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கோடைதோறும் அளந்தது இதற்காகத்தான். சுரங்கத்துக்குள் வானிலையின் குறுக்கீடு மிகக் குறைவு.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய எவர்சில்வர் கலம் 24 மணி நேரமும் ஒரே சீராக நிரம்ப வேண்டும். நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு கலம் நள்ளிரவுக்கு முன்பே நிரம்பிவிட்டதை அழுத்தமானி காட்டியது. மறுநாள் காலை நேர நெரிசல் அதில் இல்லவே இல்லை. எண் அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம்.

காற்றை மட்டும் பார்த்ததில் ஒன்று தப்பியது. பெட்ரோல் நன்றாக எரிய ஆக்சிஜனுக்காகக் கலந்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருள், கசிந்த நிலத்தடித் தொட்டிகளிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியதால், அதே 1996இல் சாண்டா மோனிகாவில் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்தது. 2003 முடிவோடு அதைத் தடை செய்து, எத்தனாலுக்கு மாறினார்கள்.