ஓட்டுப் போட்டுத்தானே எதேச்சாதிகாரிகளைக் கொண்டுவருகிறார்கள், அப்படியானால் தாராளவாத ஜனநாயகம் தோற்றுவிட்டதா?

தேர்தலோடு சுதந்திரமான நீதிமன்றமும் பத்திரிகையும் சேர்ந்ததுதான் தாராளவாத ஜனநாயகம். அது தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் காப்பாற்ற வேண்டிய கட்சிகள் சாதாரணக் குடும்பங்களின் கஷ்டத்தைக் கைவிட்டன. அந்த இடத்தை வேறு ஆள் பிடித்துக்கொண்டார். ஹங்கேரியைப் பார்த்தால் இது நன்றாகவே புரியும்.

பின்னாளில் அந்நாட்டின் பிரதமரான விக்டர் ஓர்பான் தாராளவாதியாகத்தான் அரசியலுக்கு வந்தார். 1989 ஜூனில், சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று புடாபெஸ்டில் பெருங்கூட்டத்தின் முன் பேசியபோது அவருக்கு வயது 26. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸின் அறக்கட்டளை தந்த உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர். அதே சோரோஸை 2017இல் நாட்டின் எதிரியாகக் காட்டி ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்தது இவருடைய அரசு.

நடுவில் நடந்ததுதான் முக்கியம். 2000களில் வட்டி குறைவு என்று ஹங்கேரியர்கள் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கினார்கள். சம்பளம் உள்நாட்டு நாணயமான ஃபோரிண்டில், கடன் ஃபிராங்கில். 2008 நெருக்கடியில் ஃபோரிண்ட் சரிந்தது. 160 ஃபோரிண்ட் அளவில் இருந்த ஒரு ஃபிராங்க் 2011இல் 230ஐத் தாண்டியது. ஒழுங்காகத் தவணை கட்டிவந்த குடும்பத்துக்கும் கடன் ஏறிக்கொண்டே போனது. 2010 வரை ஆட்சியில் இருந்த சோஷலிஸ்டுகளின் பிரதமர், மக்களிடம் பொய் சொன்னோம் என்று கட்சிக்குள் பேசியது 2006இலேயே கசிந்திருந்தது. அப்புறம் யார் நம்புவார்கள்?

2010இல் ஓர்பான் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு வந்தார். மறு ஆண்டே, ஃபிராங்குக்கு 180 ஃபோரிண்ட் என்ற கணக்கில் கடனை மொத்தமாக அடைக்கலாம், மிச்சம் வங்கியின் தலையில் என்று சட்டம் போட்டார். கையில் காசு உள்ளவர்களுக்குத்தான் அது உதவியது. ஆனாலும் வங்கியை எதிர்த்து நமக்காக ஒருவர் நிற்கிறார் என்ற எண்ணம் பதிந்துவிட்டது.

அதே கையால்தான் மற்றதையும் செய்தார். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்து மூத்தவர்களை அனுப்பினார். ஐரோப்பிய நீதிமன்றம் தவறு என்று சொன்னபோது பல நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தேர்தல் விதிகளை மாற்றினார். 2014இல் 45 சதவீத வாக்கிலேயே மறுபடி மூன்றில் இரண்டு பங்கு இடங்கள்! 2016 அக்டோபரில் பெரிய எதிர்ப்புப் பத்திரிகையான நேப்சபத்சாக் நஷ்டம் என்ற காரணத்தோடு திடீரென நின்றது. சில வாரங்களில் அதன் நிறுவனம் ஓர்பானுக்கு நெருக்கமானவர்களின் கைக்குப் போனது. எதற்கும் பீரங்கி தேவைப்படவில்லை, எல்லாம் சட்டப்படி.

2022இல் ஆறு எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்தும் ஓர்பான் 54 சதவீதம் வாங்கினார். ஊடகமும் விதிகளும் அவர் பக்கம் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தத் தேர்தலின்போது பெட்ரோல் விலைக்கு லிட்டருக்கு 480 ஃபோரிண்ட் என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்ததும் உண்மை. நீதித்துறைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டுச் செலவைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசாத வரை, ஓர்பான்களுக்கு ஓட்டு விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் கருத்து.