பிசினஸ் இமிக்ரேஷன்ல பாராலீகலா இருக்கேன், கேளுங்க சொல்றேன்

நியூ ஜெர்சில ஒரு சின்ன லா ஃபர்ம்ல 9 வருஷமா பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியா கேஸ் பேப்பரெல்லாம் தயார் பண்ற ஆள். ஹெச்-1பி (டிகிரி தேவைப்படற வேலைக்கான விசா), எல்-1 (கம்பெனி தன்னோட வெளிநாட்டு ஆபீஸ்ல இருந்து ஆளை இங்க மாத்துற விசா), பெர்ம் (அந்த வேலைக்கு அமெரிக்க ஆள் கிடைக்கலன்னு காட்டற கிரீன் கார்டு முதல் படி), ஐ-140 (அதுக்கப்புறம் கம்பெனி போடற கிரீன் கார்டு பெட்டிஷன்), இதுலதான் பொழப்பு ஓடுது. வக்கீல் கிடையாது, அதனால "என் கேஸ் தேறுமா"ன்னு மட்டும் கேக்காதீங்க.

அக்கா, பாராலீகல்னா டைப்பிஸ்ட் மாதிரிதானா?

டைப்பிங் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா பாதி நாள் ஆளை விரட்டறதுலயே போயிடும். ஹெச்-1பின்னா முதல்ல லேபர் டிபார்ட்மென்ட்ல எல்சிஏ (சம்பளம், வேலை இடம் பத்தி கம்பெனி குடுக்கற உறுதிமொழி) போடணும், அது சர்டிஃபை ஆகி வர 7 வேலை நாள், அதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட சம்பளம் என்ன, என்ன வேலை, எந்த அட்ரஸ்ல உக்காந்து பாப்பாங்கன்னு கேட்டு வாங்கணும், அவங்க பதில் போடறதுக்குள்ள நமக்கு முடி நரைச்சிடும். அட்ரஸ்தான் இதுல வில்லங்கம். 2015ல சிமியோ கேஸ்னு ஒரு முடிவு வந்துச்சு, அதுல இருந்து வேலை பாக்குற இடம் வேற மெட்ரோ ஏரியாவுக்கு மாறுச்சுன்னா திருத்தின பெட்டிஷன் போட்டாகணும். இப்பல்லாம் "வீட்ல இருந்துதானே வேலை பாக்குறேன், வீட்டை டெக்சாஸுக்கு மாத்தி 3 மாசம் ஆச்சு"ன்னு ஸ்மைலி போட்டு மெயில் வரும். படிச்ச உடனே வயித்தைக் கலக்கும்.

மார்ச் மாசம் தூக்கமே இருக்காதாமே?

மார்ச்ல ஹெச்-1பி குலுக்கலுக்கு வெறும் ரிஜிஸ்ட்ரேஷன்தான். வருஷத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு இன்னொரு 20,000. குலுக்கல்ல பேர் வந்தப்புறம் ஏப்ரல் 1ல இருந்து ஃபைல் பண்ண 90 நாள் குடுப்பாங்க பாருங்க, அப்பதான் சோறு தண்ணி இல்லாம ஓடணும். ஆனா நான் பாத்ததுலயே மோசம்னா 2025 செப்டம்பர் 19தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்-1பிக்கு லட்சம் டாலர் கட்டணும்னு அறிவிப்பு வருது, ஞாயித்துக்கிழமை விடிஞ்சா அமல்னு. லீவுக்கு ஊருக்குப் போனவங்க ஏர்போர்ட்ல இருந்தே ஃபோன் பண்றாங்க, எங்க அட்டர்னிக்கே முழுசா படிக்க டைம் கிடைக்கல. புது பெட்டிஷனுக்கு மட்டும்தான்னு மறுநாள்தான் விளக்கம் வந்துச்சு, அதுக்குள்ள எத்தனை பேர் டிக்கெட்டை மாத்திட்டாங்க.

நீங்க பண்ணின பெரிய தப்பு?

பிறந்த தேதி. நம்ம ஊர்ல 4/7னா ஜூலை 4, இங்க ஏப்ரல் 7. முதல் வருஷம் ஒருத்தருக்கு மாத்திப் போட்டுட்டேன், அப்ரூவல் நோட்டீஸும் அப்படியே வந்துச்சு, கண்டுபிடிச்சது அவரோட மனைவி. சரி பண்ண மாசக்கணக்குல ஆச்சு. அதுல இருந்து தேதியை வாய்விட்டு "ஜூலை நாலு"ன்னு படிச்சுதான் டைப் பண்றேன், பக்கத்து சீட்காரி சிரிப்பா.

பேரும் அதே தலைவலிதான். சர்நேம் இடத்தை காலியா விட்டு பாஸ்போர்ட் எடுத்த நம்ம ஆளுங்களுக்கு விசாவுல பேர் சர்நேம் ஆகிடும், முதல் பேர் இடத்துல எஃப்என்யுன்னு (FNU, "முதல் பேர் தெரியாது"ன்னு அர்த்தம்) விழும். அப்புறம் ஆபீஸ்ல எல்லாரும் "ஹாய் ஃப்னு"தான்.

பெர்ம் விளம்பரமெல்லாம் கண்துடைப்புதானே?

பாக்க அப்படித்தான் தெரியும். பேப்பர்ல 2 ஞாயித்துக்கிழமை விளம்பரம், ஸ்டேட்ல 30 நாள் ஜாப் ஆர்டர், ஆபீஸ்ல நோட்டீஸ். ஆனா தகுதியான அமெரிக்க ஆள் ஒருத்தர் அப்ளை பண்ணிட்டா கேஸ் அங்கேயே நின்னுடும், நானே பாத்திருக்கேன். அந்த ரெஸ்யூமேயெல்லாம் கம்பெனிதான் முதல்ல பாக்கணும், நாங்க முந்திக்கிட்டு வடிகட்டக் கூடாது. இன்னொண்ணு, பெர்முக்கான வக்கீல் ஃபீஸ், விளம்பரச் செலவு ரெண்டும் கம்பெனிதான் குடுக்கணும், 2007ல இருந்தே ரூல். சம்பளத்துல பிடிக்கிறாங்கன்னா தப்பு நடக்குதுன்னு அர்த்தம்.

மேடம், அப்ரூவல் 2028 வரைக்கும் இருக்கு, ஐ-94ல (எதுவரைக்கும் இங்க தங்கலாம்னு சொல்ற ரெக்கார்டு) மட்டும் அடுத்த மாசம் தேதி போட்டிருக்கு. பரவால்லையா?

பாஸ்போர்ட் எப்ப எக்ஸ்பயர் ஆகுதுன்னு பாருங்க சார், அதே தேதியாத்தான் இருக்கும். ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் தேதி வரைக்கும்தான் போட்டு விடுவாங்க. பரவால்லையான்னு நான் சொல்லக் கூடாது, ஆனா நாளைக்குன்னு தள்ளிப் போடாம இன்னைக்கே உங்க அட்டர்னிக்கு ஃபோன் போடுங்க. மத்தவங்களும் ஊருக்குப் போய்ட்டு வந்த உடனே ஐ-94ஐ டவுன்லோட் பண்ணிப் பாத்துடுங்க.

சென்னையில பி.எல். முடிச்சிருக்கேன் அக்கா, இந்த வேலைக்கே ஹெச்-1பி கிடைக்குமா?

கஷ்டம் தம்பி. பாராலீகலுக்கு ரெண்டு வருஷ டிகிரியே போதும்னு இங்க நினைப்பு, ஹெச்-1பிக்கோ குறைஞ்சது பேச்சிலர்ஸ் கண்டிப்பா தேவைப்படற வேலையா இருக்கணும். ஊருக்கெல்லாம் ஹெச்-1பி ஃபைல் பண்ற எனக்கு ஹெச்-1பி கிடைச்சதே இல்ல. நான் ஹெச்-4ல (ஹெச்-1பிகாரங்க குடும்பத்துக்கான விசா) வந்து சும்மா உக்காந்திருந்தவ, 2015ல எங்கள்ல சில பேருக்கும் வேலை பாக்க பர்மிட் குடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் உள்ள நுழைஞ்சேன்.