சாமணம் இல்லாமல் தங்கத்தை அடுக்குவது

கேள்வி: தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் முப்பது வருஷமாக நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத மணிகளாக்கி, குழி போட்ட தகட்டில் ஒவ்வொன்றாக உட்கார வைக்கிறார்கள் என்கிறாள். அந்த மணியை எந்தச் சாமணத்தால் எடுப்பார்கள்? அந்தத் தங்கம் சிவப்பாக வேறு இருக்குமாமே?
- பெயர் வேண்டாத வாசகர், சௌகார்பேட்டை

பதில்: நிஜம்தான், பத்தர் ஐயா. நல்ல கெம்புக் கல்லின் சிவப்பு. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள், ஆய்வகத்தில் இந்தச் சிவப்போடு பல வருஷம் கழித்தவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராஜ திராவகத்தில் தங்கம் கரைவது உங்களுக்குத் தெரியும். அப்படிக் கிடைக்கும் தங்க உப்பில் துளியை நிறையத் தண்ணீரில் விட்டுக் கொதிக்க வைத்து, சிட்ரேட் சேர்க்க வேண்டும். எலுமிச்சைப் புளிப்பின் உப்புதான் அது. வெளிர்மஞ்சள் முதலில் காணாமல் போகும். அப்புறம் மை கலந்தது போலக் கறுக்கும், ஊதாவாகும், சில நிமிஷத்தில் கெம்பு நிறத்தில் நிற்கும். 1951-இல் டர்க்கெவிச் குழுவினர் ஆராய்ந்து எழுதிய முறை இது. அதற்கு நூறு வருஷம் முன்பே, 1850-களில், மைக்கேல் ஃபாரடே வேறு வழியில் செய்த சிவப்புத் தங்கம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் குப்பியில் நிறத்தோடு இருக்கிறது.

ஒரு மணியின் விட்டம் 20 நானோமீட்டர் என்று வையுங்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக வைத்தால் ஏறத்தாழ 4,000 மணி பிடிக்கும். இந்த அளவில் தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது சிவப்பு. ஒவ்வொரு மணிமேலும் சிட்ரேட் ஒட்டி எதிர்மின்னூட்டம் தருவதால் மணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அந்தக் குப்பியில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் தள்ளும் சக்தி அடங்கிவிடும். மணிகள் கூட்டமாக ஒட்டி, சிவப்பு உங்கள் கண் முன்னாலேயே நீலமாகும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அது அலுத்ததே இல்லை.

சரி, சாமணம். யாரும் எடுப்பதில்லை ஐயா. மணி உட்கார வேண்டிய இடத்தைத்தான் தயார் செய்வார்கள். கொண்டுவந்து சேர்க்கும் வேலை தண்ணீருடையது.

ஒரு வழி மின்னூட்டம். சிலிக்கான் தகட்டில் வேண்டிய இடத்தில் மட்டும் அமினோ சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசினால் அங்கே நேர்மின்னூட்டம் வரும். தகட்டைச் சிவப்புக் கரைசலில் முக்கி எடுத்துக் கழுவினால், பூசிய இடத்தில் மட்டும் தங்கம் ஒட்டியிருக்கும். சுலபம். ஆனால் இந்த மணி இந்தப் புள்ளியில் என்று கறாராகக் கேட்க முடியாது.

கறாராக வேண்டுமென்றால் குழி. வார்ப்பு நகைக்கு மெழுகு ஊற்ற ரப்பர் அச்சு பார்த்திருப்பீர்கள். சிலிக்கோன் என்ற அந்த இனத்து ரப்பரிலேயே நானோ அளவுக் குழிகளை வார்த்துவிடலாம். அதன் மேல் ஒரு சொட்டுக் கரைசலைக் கண்ணாடியால் மூடிப் பிடித்து, ரப்பரை மெல்ல நகர்த்துவார்கள். நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் போகவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொட்டின் ஓரத்தில் தண்ணீர் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட உள்ளிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடி வருகிறது, மணிகளையும் இழுத்து வருகிறது. ஓரத்தில் நெரிசல். பல்லாங்குழிப் பலகையில் புளியங்கொட்டையைக் கொட்டி ஒரு ஸ்கேலால் இழுத்தால் குழியில் விழுந்தது தங்கும், மேட்டில் இருப்பது நகர்ந்துவிடும் அல்லவா? இங்கே ஸ்கேல் அந்த நீரின் விளிம்புதான். அது மணியைக் குழிக்குள் அழுத்திவிட்டு நகர்ந்துபோகிறது.

இதில் நம் ஊர்க் காற்றோடு நான் பட்ட பாடு தனி. ஒரு நவம்பரில் ஏ.சி. நின்றுபோனது. கடற்காற்றின் ஈரத்தில் ஆவியாதலே இல்லை, ஓரத்தில் நெரிசலும் இல்லை. நாள் முழுக்க ஓட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாக் குழியும் காலி. அதன் பிறகு பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைக் கணக்கிட்டு, தகட்டை அதைவிடச் சில டிகிரி சூடாக வைக்காமல் நான் ஆரம்பித்ததே கிடையாது.

2007-இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தினர் இந்த முறையில் 60 நானோமீட்டர் மணிகள் சுமார் 20,000 வைத்து ஒரு சூரியப் படமே அச்சடித்தார்கள். ரசவாதிகள் தங்கத்துக்குப் போட்ட குறி சூரியன். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பயன் கேட்டால் ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு மணிகள் சில நானோமீட்டர் இடைவெளியில் அமர்ந்தால், அந்த இடுக்கில் ஒளி குவியும். அங்கே சிக்கும் மூலக்கூறின் ராமன் சைகை, அதாவது அது சிதறடிக்கும் ஒளியில் தெரியும் அதன் அடையாளம், பல மடங்கு பெருகும். தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலந்த நஞ்சைக்கூட அப்படிக் கண்டுபிடிக்கலாம். இடுக்கு சீராக இருந்தால்தான் அளவு சீராக வரும். இத்தனை மெனக்கெடல் அதற்காகத்தான்.

கேள்வி: இதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்க முடியுமா மேடம்?
- பிளஸ் டூ மாணவர், திருவொற்றியூர்

பதில்: தங்க உப்பு விலை அதிகம், தோலையும் அரிக்கும். அது வேண்டாம் தம்பி. மணிகளை ஓரத்துக்கு இழுக்கும் ஓட்டத்தைக் காபியிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் கடுங்காபி இரண்டு சொட்டு விடுங்கள். ஒன்று திறந்தபடி காயட்டும், ஓரத்தில் கருவளையம் விழும். இன்னொன்றைச் சின்ன மூடியால் கவிழ்த்து மூடி, சொட்டின் நடுவுக்கு நேர்மேலே ஊசியால் ஒரு துளை போடுங்கள். ஆவி நடுவில் மட்டும் போவதால் வளையம் விழக் கூடாது. 1997-இல் சிகாகோவில் டீகன் குழுவினர் வளையத்தின் காரணத்தை உறுதிசெய்ததில் இப்படி மூடிப் பார்த்ததும் ஒன்று. மூடி சொட்டைத் தொடக் கூடாது, மின்விசிறியும் வேண்டாம். மூடிய சொட்டு காய நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுத் திறந்து பார்க்காதீர்கள்.