சின்னச் சக்கரத்துக்கு எந்த கியர் ஹப்?

கேள்வி: என்னுடையது 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிள், ஒற்றை கியர். தினமும் செங்கோட்டையிலிருந்து தென்காசி போய்வருகிறேன். ஞாயிறுகளில் புளியரை வழியாக ஆரியங்காவு ஏற ஆசை. ஹப்புக்குள்ளேயே (சக்கரத்தின் நடுக்குடம்) கியர் உள்ள வகையைப் போட மூன்று கியர் போதுமா, எட்டு வேண்டுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: அதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். ஷிமானோ நெக்ஸஸ் மூன்று கியர் ஹப் பெரும்பாலும் 120 மி.மீ. கேட்கும், எட்டு கியர் 132 அல்லது 135. இரும்பு ஃப்ரேம் என்றால் சில மி.மீ. விரிக்கலாம். அலுமினியத்தில் கை வைக்காதீர்கள், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

இனி கணக்கு. டயரின் பக்கவாட்டில் 47-406 என்று இருந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 157 செ.மீ. உருளும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், நேர் கியரில் (பின் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று) பெடல் ஒரு சுற்றுக்கு 3.8 மீட்டர். நெக்ஸஸ் மூன்றில் முதல் கியர் இதை 0.733ஆல் பெருக்கும், மூன்றாவது 1.364ஆல். அதாவது 2.8 மீட்டரிலிருந்து 5.2 மீட்டர் வரை. தென்காசி ரோட்டுக்கு இது தாராளம். புளியரை எஸ் வளைவில் 2.8 மீட்டர் முழங்காலைப் பதம் பார்க்கும். நெக்ஸஸ் எட்டில் 0.527 முதல் 1.615 வரை, அதே பற்களில் 2 மீட்டரிலிருந்து 6.2 மீட்டர். மலைதான் குறி என்றால் எட்டு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆசை மாதம் ஒருமுறைதான் நிறைவேறும் என்றால் (பலருக்கும் அப்படித்தான்), மூன்று கியரே போட்டு, பின்னால் 18க்குப் பதில் 22 பல் மாட்டுங்கள். முதல் கியர் 2.3 மீட்டருக்கு இறங்கும், மூன்றாவது 4.3. பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் வளையத்தை (ஸ்னாப் ரிங்) ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் பல்சக்கரம் கையோடு வரும். செயின் மட்டும் சுமார் ஓர் அங்குலம் நீளமாக வேண்டியிருக்கும்.

எட்டு என்று கேட்டதும் கடைக்காரர் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற இன்னொரு கம்பெனியின் எட்டு கியரைக் காட்டலாம். அது சின்னச் சக்கரத்தை மனதில் வைத்தே செய்தது. முதல் கியரே நேர் கியர், மற்றதெல்லாம் அதற்கு மேல். அதை உங்கள் 44/18இல் போட்டால் முதல் கியரே 3.8 மீட்டர், எட்டாவது 11 மீட்டரைத் தாண்டும். மலையும் ஏறாது, சமதளத்திலும் பாதி கியர் வீண். அதற்கு முன்னால் 28, பின்னால் 20 மாதிரி போட வேண்டும்.

சக்கரத்துக்குக் கம்பி கோர்க்கும்போது கவனம். ரிம்மில் எத்தனை ஓட்டையோ அத்தனை ஓட்டை ஹப்பிலும் வேண்டும். ஹப்பின் விளிம்பு பெரிது, ரிம் சின்னது. பெரிய சக்கரம் போல மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடப்பது) கோர்த்தால் கம்பி ரிம்முக்குள் சாய்வாக நுழைந்து, அதை இறுக்கும் நிப்பிள் அருகே முறியும். ஒன்று அல்லது இரண்டு குறுக்கு போதும்.

அச்சு சுழலாமல் பிடிக்கும் காது வைத்த வாஷர்களை "இது எதுக்கு சார்" என்று தூக்கிப் போடும் மெக்கானிக் உண்டு. அவை இல்லாவிட்டால் அச்சு திரும்பி நட்டு தளரும், கியர் மாற்றும் கேபிள் பிய்யும். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் வைத்த ஹப் வேண்டாம். மலை இறக்கத்தில் அது கொதிக்கும்; மடக்கும்போது பெடலைப் பின்னோக்கித் திருப்பவும் விடாது.

கேள்வி: என் மடக்கு சைக்கிளில் பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். எழுந்து நின்று மிதித்தால் சில சமயம் பெடல் சும்மா சுற்றி, விழப் பார்த்தேன். ஹப் போய்விட்டதா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பெரும்பாலும் ஹப்பில் கோளாறு இல்லை, கேபிளில்தான். பழைய மாடல்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. சைக்கிளை விரித்து நிறுத்தி இரண்டாம் கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பார்த்தால், உள்ளிருந்து வரும் கம்பியின் தடித்த பகுதி அச்சின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் கேபிள் தொய்வு, இரண்டில் நழுவும். இறுக்குங்கள். மூன்றில் நழுவினால் கேபிள் முழுக்கத் தளரவில்லை என்று பொருள்: துரு, அல்லது மடக்கும் கீலில் நசுங்கல். மடக்கு சைக்கிளில் முதலில் கீலைத்தான் பார்க்க வேண்டும். சரிசெய்யும் வரை எழுந்து மிதிக்காதீர்கள்.

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் மழை ஓயாது. நெக்ஸஸ் எட்டு தாங்குமா? பஞ்சர் ஆனால்?
– வாசகர், குழித்துறை

பதில்: தாங்கும். வாட்டர் சர்வீஸில் ஹப்பின் மேல் பீய்ச்சியடிக்க மட்டும் விடாதீர்கள். மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் அச்சோரம் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் ஓட்டினால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை உள்பகுதியைக் கழற்றி எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும்.

பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். நம் ஊர்க் கடைக்காரர் செய்வதுபோல டயரை ஒரு பக்கம் தள்ளி, டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிக்கொள்ளலாம். டியூபையே மாற்ற வேண்டியிருந்தால் கேபிளை விடுவித்து, 15 நம்பர் ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டியதும் நான்காவது கியரில் வைத்து, ஹப் ஓரத்தில் தெரியும் இரண்டு கோடுகளும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.